லேப்டாப் காலையில் ஜெயித்தது, மதியம் தோற்றது

1. ஆபீஸுக்கு முதல் லேப்டாப் வந்தது.
2. பழைய டெஸ்க்டாப்பைவிட அது எவ்வளவு வேகம் என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.
3. காலையில் பார்த்தேன். லேப்டாப் ஜெயித்தது.
4. மதியம் பார்த்தேன். அதே லேப்டாப் தோற்றது.
5. நடுவில் மாறியது ஒன்றே ஒன்று என்று எல்லோரும் நினைத்தோம். அந்த ஒன்றை எழுதியவள் ஜபீன். அவளுடைய வேலை ஆட்டம் கண்டது.
6. நான் "தெரியாது" என்று சொன்னேன்.

இந்த ஆறில் கடைசியைப் பற்றித்தான் உங்களிடம் பேச ஆசை. மற்ற ஐந்தும் இல்லாமல் அது புரியாது என்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து நான் டெஸ்டிங்கில் இல்லை. முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் இந்த வேலையைப் பொறுத்தவரை அதுதான். மேல் மாடிக்கு, புரோகிராம் எழுதுகிறவர்கள் பக்கம் போகிறேன். இனி நான் எழுதுவதில் நீங்கள் தப்பு கண்டுபிடிப்பீர்கள். "என் மிஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு" என்று நானும் முறைப்பேன். அப்படி எதிர்க்கட்சி ஆவதற்கு முன்னால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நம் கம்பெனி அப்போது பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தில், ஒரே ஒரு மாடியில் இருந்தது. மென்பொருள் இதே மென்பொருள்தான், வயதில் சின்னது. சட்டையின் கை, காலர், பாக்கெட் துண்டுகளை ஒரு துணியில் எப்படி அடுக்கி வெட்டினால் குறைவாக வீணாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்கு முடியும்வரை திரையில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக நகரும். எங்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி அந்தப் பட்டையைப் பார்ப்பதில் போனது.

கார்மெண்ட் ஃபேக்டரிகளுக்குப் போய் இதை ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பையே ஆட்டோவில் ஏற்றுவோம். மானிட்டரைப் போர்வையில் சுற்றி ஒருவர் மடியில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் சிபியுவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரகு சார், "மெதுவாப்பா, மெதுவா" என்று பதறுவார். ஒரு முறை ஆட்டோக்காரர் திரும்பி அந்தப் போர்வையைப் பார்த்து, "எத்தினி மாசம் சார்?" என்று கேட்டார்.

ரகு சார் எங்கள் மேலாளர். விற்பனையும் அவர்தான். சின்னக் கம்பெனி என்பதால் ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். லேப்டாப் வந்த அன்று அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, "இனிமே போர்வை வேணாம்மா" என்று கண் கலங்காத குறையாகச் சொன்னார்.

அன்று மாலையே பொம்மனஹள்ளியில் ஒரு பெரிய ஃபேக்டரியின் முதலாளியிடம் காட்டுவதாக ஏற்பாடு. அவர் முந்தைய மாதம் டெஸ்க்டாப்பில் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இவ்ளோ நேரம் எடுக்குதே" என்று அனுப்பி வைத்தவர். அதனால்தான் இந்தப் பந்தயம்.

எப்படிச் சோதித்தேன் என்பதை விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும். இரண்டிலும் ஒரே மென்பொருள், ஒரே சட்டை, ஒரே துணி. லேப்டாப் அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்தது. டெஸ்க்டாப்பில் பட்டை பாதி தாண்டும்போது லேப்டாப்பில் வேலை முடிந்திருந்தது. ஃபைல் திறப்பதில் மட்டும் டெஸ்க்டாப் கொஞ்சம் முந்தியது.

"ரெண்டு பங்கு வேகம்னு சொல்லிடலாமா?" என்றார் ரகு சார்.

"ஒரு தரம்தான் சார் பாத்திருக்கேன். இன்னும் ரெண்டு தரம்..."

"பாரு, பாரு" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஃபேக்டரி முதலாளியிடம், "ரெண்டு பங்கு வேகம் சார்!" என்று சொல்லிவிட்டார்.

எதிர் மேசையில் ஜபீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜபீன் புரோகிராமர். நீலசந்திராவில் வீடு. வீட்டில் தக்னி உருது, தெருவில் தமிழ், பஸ்ஸில் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது, வேலையை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அந்த வெள்ளிக்கிழமை டைரக்டர் முடிவு செய்ய வேண்டும். அவள் வீட்டிலும் அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தார்கள். "நிரந்தரம்னா போ. இல்லேன்னா வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல்ல டீச்சர் வேலை இருக்கு, ரெண்டு பஸ் மாறி அலைய வேண்டாம்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்லியிருந்தார். அதனால்தான் அவளால் அவரிடம் வாதாட முடியவில்லை.

மூன்று மாதமாக அவள் ஒரு மாற்றத்தை எழுதிக்கொண்டிருந்தாள். காலர், பாக்கெட் மாதிரிச் சின்னத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெரிய துண்டுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் நுழைக்கும். துணி மிச்சமாகும். கணக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும் என்று அவளே முன்கூட்டிச் சொல்லியிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரகு சாரின் சம்மதத்தோடு, அந்தப் புது வெர்ஷனை லேப்டாப்பில் ஏற்றினாள். டெஸ்க்டாப்பில் பழையதே இருந்தது.

சாப்பிட்டு வந்து இரண்டையும் ஓட்டினேன். பின்னால் ரகு சார், பக்கத்தில் ஜபீன்.

டெஸ்க்டாப்பில் பட்டை போய்க்கொண்டே இருந்தது. லேப்டாப்பில் பட்டை ஊர்ந்தது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் விழுந்து திரையும் மங்கலாகத் தெரிந்தது. நான் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டேன். வந்து உட்கார்ந்தபோது டெஸ்க்டாப் முடித்திருந்தது. லேப்டாப் இன்னும் காலர்களைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் ரகு சார்.

லேப்டாப்பில் நின்ற பட்டையை விரலால் தட்டிக் காட்டினார்.

"காலைல குதிரை மாதிரி ஓடுச்சு. இப்ப எரும மாதிரி நிக்குது. நடுவுல என்ன பண்ணீங்க?"

"என் வெர்ஷன் போட்டேன் சார்" என்றாள் ஜபீன். "ஆனா இவ்ளோ ஆகாது. கொஞ்சம்தான் கூட ஆகும்னு..."

"கொஞ்சமா? பழைய டப்பாகிட்ட தோத்திருக்கு!" அவர் என் பக்கம் திரும்பினார். "விஜி, அவ வெர்ஷன் தேறலைன்னு எழுதிக் குடு. நாலு மணிக்கு டைரக்டரப் பாத்துட்டுக் கிளம்பணும். பழசையே போட்டு எடுத்துட்டுப் போறேன்."

பிறகு ஜபீனுக்குக் கேட்கிற குரலிலேயே, "வெள்ளிக்கிழமை விஷயத்தையும் இன்னும் ஒரு ஆறு மாசம் தள்ளிப்போடலாம்னு அவர்கிட்ட சொல்லிடறேன். கத்துக்கட்டும்" என்றார்.

ஜபீன் மூன்று மொழியில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

புதியவர்களே, இங்கே நிறுத்தி ஒன்று சொல்கிறேன். அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. காலையில் வேகம், மதியம் மெது, நடுவில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் நேரம் கூடும் என்று எழுதியவளே ஒப்புக்கொண்ட மாற்றம். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் பாதி நம்பினேன். எனக்கிருந்த ஒரே இடைஞ்சல், அந்த மாற்றத்தை எடுத்துவிட்டு யாரும் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதுதான்.

"எழுதறேன் சார். அதுக்கு முன்னாடி பழைய வெர்ஷனை இதுல போட்டு ஒரு தரம் ஓட்டிடறேன். எப்படியும் பழசைத்தானே எடுத்துட்டுப் போகப் போறீங்க?"

மறுக்க முடியாத காரணமாகப் பார்த்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

பழையதைப் போட்டேன், காலையில் ஜெயித்த அதே வெர்ஷனை. பட்டை ஊர்ந்தது.

ஜபீன் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "இப்ப நான் இல்லையே!" என்றாள். "இப்ப யாரு?"

"அவசரப்படாதே" என்றேன்.

ரகு சார் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். "அப்ப உன் வெர்ஷன் உள்ள எதையோ கெடுத்துட்டுப் போயிருக்கு."

"யா அல்லா! சார், அது காலரத் திருப்புற புரோகிராம் சார். பேய் இல்ல, வந்து கெடுத்துட்டுப் போக."

"பேச்ச பாரு. விஜி, நீ சொல்லு. அவ வெர்ஷன்தானே காரணம்? ஒரே வார்த்தை. ஆமாவா, இல்லையா?"

மூன்றரை மணி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் கிளம்பியிருப்பார். ஜபீன் என் தோழி, எனவே இல்லை என்று சொல்லவும் வாய் துடித்தது. இரண்டுமே என்னிடம் இல்லாத பதில்கள்.

"தெரியாது சார்" என்றேன்.

"தெரியாதுன்னா எதுக்கும்மா டெஸ்டர்?"

நியாயமான கேள்வி. வெறும் "தெரியாது" யாருக்கும் உதவாது, கையை விரிப்பதுதான் அது. இந்த வேலையில் அதற்கு மூன்று வால் உண்டு. எதைப் பார்த்தேன், எதை இன்னும் பார்க்கவில்லை, அடுத்து எதைப் பார்க்கப் போகிறேன்.

"பழசு, புதுசு ரெண்டுமே இப்ப லேப்டாப்புல மெதுவா இருக்கு, அதப் பாத்தேன். புதுச டெஸ்க்டாப்புல இன்னும் பாக்கல. இப்ப பாக்கறேன். அங்கயும் மெதுவா இருந்தா நீங்க சொல்றத எழுதித் தர்றேன்."

"நாலு மணிக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜபீன் தன் வெர்ஷனை டெஸ்க்டாப்பில் ஏற்றினாள். அவசரத்தில் ஒரு முறை தவறான ஃபோல்டரில் போட்டு, "ச்சே, நக்கோ, நக்கோ" என்று தக்னியில் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி போட்டாள். ஓட்டினோம். பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது, அவள் முன்பே சொல்லியிருந்த அளவுக்கு. துணி மிச்சமானது. எதுவும் கெடவில்லை.

"பாத்தியா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆக அவள் காரணமில்லை என்பது ஏறக்குறைய தெரிந்துவிட்டது. ஆனால் எது காரணம் என்று தெரியவில்லை. அது தெரியாதவரை ரகு சாருக்கு ஜபீன்தான் காரணம். மனிதர்கள் காரணம் இல்லாமல் ரொம்ப நேரம் இருக்க மாட்டார்கள், பக்கத்தில் கிடைக்கிற காரணத்தைப் போட்டுக்கொள்வார்கள்.

லேப்டாப்பில் பழைய வெர்ஷனை இன்னொரு முறை ஓடவிட்டேன். வேறு எதுவும் தோன்றாததால்தான். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டை ஊர்ந்து, கால்வாசி தாண்டி, ஊர்ந்து...

அப்போது ஜன்னலிலிருந்து மூர்த்தி சாரின் குரல். கீழே வாட்ச்மேனுக்கு: "ஏய், ஆஃப் மாடப்பா! கரெண்ட் பந்த்து, வந்தாச்சு! டீசல் ஏனு நிம்ம தாத்தா கொடுத்தாரா?"

பட்டை ஓடத் தொடங்கியது.

"அரே!" என்றாள் ஜபீன்.

மூர்த்தி சார் ஆபீஸ் நிர்வாகி. கட்டடத்துக்கு ஒரு ஜெனரேட்டர் இருந்தது. கரண்ட் வந்த மறுநொடி அதை நிறுத்தச் சொல்லி ஜன்னலில் கத்துவது அவருடைய தினசரி வழிபாடு. எங்கள் பகுதியில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கரண்ட் போவதும் தினசரிதான். போனால் விளக்கையும் யு.பி.எஸ்ஸையும் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும். பெங்களூர் என்பதால் நின்று காட்டிக்கொடுக்க ஃபேனும் இல்லை. ஜெனரேட்டரின் சத்தத்தை நாங்கள் காதில் வாங்குவதை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. கரண்ட் போவது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை.

சுவரில் இரண்டு வகை சாக்கெட் இருந்தது. சிவப்பு சாக்கெட்டில் யு.பி.எஸ். வெள்ளையில் வெறும் கரண்ட், போனால் போனதுதான், ஜெனரேட்டர்கூட அதற்கு வராது. முன்பு யாரோ சிவப்பில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி மொத்த மாடியையும் அணைத்துவிட்டதிலிருந்து, சிவப்பு சாக்கெட்டுகள் மூர்த்தி சாரின் சொந்தப் பிள்ளைகள். அன்று காலை லேப்டாப் வந்ததுமே அவரிடம் சிவப்பில் ஒன்று கேட்டிருந்தேன். "அதுக்குள்ளயே பேட்டரி இருக்குதல்லா, யு.பி.எஸ் எதுக்கம்மா? சும்னே வேஸ்ட்டு!" என்று வெள்ளையைக் காட்டிவிட்டார். யாருக்குமே அது சரியாகப் பட்டது. எனக்கும்.

நான் குனிந்து வெள்ளை சாக்கெட்டிலிருந்து லேப்டாப்பின் வயரைப் பிடுங்கினேன். திரை ஒரு சாயல் மங்கியது. பட்டை ஊர்ந்தது. சொருகினேன். ஓடியது. மறுபடி பிடுங்கினேன். ஊர்ந்தது.

பேட்டரியில் இருக்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, பேட்டரி நீடிக்கட்டும் என்று. டெஸ்க்டாப்புக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. கரண்ட் இருந்தால் முழு வேகம், இல்லையென்றால் சவம். அதோடு பழகிய எங்களுக்கு, ஒரு கம்ப்யூட்டர் அணையாமலே களைத்துப்போகும் என்பது தோன்றவே இல்லை. திரையின் மூலையில் பிளக் படம் பேட்டரிப் படமாக மாறித்தான் இருந்தது. மூன்று பேரும் பார்த்தது நடுவில் ஓடிய பட்டையை. திரை மங்கியதை நான் வெயிலின் கணக்கில் எழுதி, திரைச்சீலையையும் இழுத்து விட்டிருந்தேன்.

ரகு சார் எழுந்து வந்தார். நான் ஒன்றும் விளக்காமல் வயரை அவர் கையில் கொடுத்தேன். அவரே நாலு முறை சொருகிப் பிடுங்கிப் பார்த்தார்.

"சரி" என்றார் கடைசியில். உடனே முகம் வாடியது. "அய்யோ. நான் வயரே இல்லாம காட்டலாம்னு இருந்தேனேம்மா. கட்டிங் டேபிள் மேல அப்படியே தெறந்து வெச்சு..."

"வயரில்லாம காட்டினா போன மாசத்து டெஸ்க்டாப்பவிட மெதுவா ஓடும் சார். அவர் அதப் பாத்தவரு."

"சரி, சரி. இப்பவாவது ஒரு வரில சொல்லு. எது வேகம்?"

"ஒரு வரி வராது சார். மூணு. கணக்குப் போடறதுல லேப்டாப். ஃபைல் தெறக்கறதுல டெஸ்க்டாப் கொஞ்சம் முந்தி, லேப்டாப் டிஸ்க் மெதுவானது. வயரப் பிடுங்கினா ரெண்டுலயும் டெஸ்க்டாப்."

"ரெண்டு பங்குன்னு போன்ல சொல்லிட்டேனே."

"வயரோட, கணக்குக்கு மட்டும்னு இப்ப சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு மூர்த்தி சாரிடம் போனார். ஒரு நீள எக்ஸ்டென்ஷன் வயருக்காக அங்கே நடந்த பேச்சுவார்த்தை டெஸ்டிங்கைவிட நேரம் எடுத்தது. "வாபஸ் வரணும் சார், ஹோத வாரமே ஒண்ணு காணோம்" என்றார் மூர்த்தி சார், போன வாரம் தொலைந்த வயரை நினைத்து.

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. ரகு சார் டைரக்டர் அறைப் பக்கம் நடந்தபோது நானும் கூட நடந்தேன்.

"சார், பழைய வெர்ஷன எடுத்துட்டுப் போறதா, புதுசையா?"

நின்றார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. புதியதை எடுத்துப் போனால், ஆறு மாதம் தள்ளிப்போடுவது பற்றி டைரக்டரிடம் பேச வழியில்லை.

"புதுசு மெதுவாத்தானே?"

"கொஞ்சம். அவ சொன்ன அளவுதான். துணி மிச்சமாகுது. வயரோட போனா நேரமும் போன மாசத்தவிடக் கம்மிதான். முதலாளி துணிக்குத்தானே காசு குடுக்கறாரு?"

அவர் ஜபீனின் மேசையைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, உன் காலர் பேய போட்டுக் குடு" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவர் பாணி இல்லை. ஜபீன் எழுந்து ஏற்றிக் கொடுத்தாள். ஆட்டோவில் அவரோடு அவளும் போனாள், மடியில் எக்ஸ்டென்ஷன் வயரோடு.

பேட்டரியிலும் முழு வேகத்தில் ஓட வைக்க ஒரு அமைப்பு அந்த லேப்டாப்பில் இருந்ததைச் சில வாரம் கழித்துக் கண்டுபிடித்தோம். அன்று தெரிந்திருந்தால் ரகு சார் கட்டிங் டேபிள் மேல் ஆசைப்பட்டபடி திறந்து வைத்திருப்பார். பேட்டரி பாதியில் செத்திருக்கும்.

உங்களுக்கு நான் விட்டுப்போவது இவ்வளவுதான். வேகம் என்று யாராவது கேட்டால், எந்த நிலையில் என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிவிட்டு ஒன்றின் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் மாற்றாமலே மாறுகிறவற்றையும் கணக்கில் சேருங்கள். தினமும் நடப்பதாலேயே அவை கண்ணில் படாது. ஒரே வார்த்தையில் பதில் கேட்டு ஒருவர் உங்கள் முன் நிற்கும்போது, அந்த வார்த்தை வேறு யார் தலையில் விழும் என்று ஒரு தரம் பாருங்கள். பார்த்துவிட்டும் உண்மை அதுதான் என்றால் சொல்லிவிடுங்கள். தெரியாது என்றால் அதையே சொல்லுங்கள், அந்த மூன்று வாலோடு.

இப்போதைய நிலவரம். பொம்மனஹள்ளி ஃபேக்டரி இன்றும் நம் வாடிக்கையாளர். ரகு சார் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஜபீனின் வேலை அந்த வெள்ளிக்கிழமை நிரந்தரமானது. நாலு வருடம் இங்கே இருந்துவிட்டு இப்போது வைட்ஃபீல்டில் இருபது பேருக்கு மேலாளராக இருக்கிறாள், அங்கே போவதற்கும் இரண்டு பஸ்தான். அவள் எழுதிய, சின்னத் துண்டுகளைச் சந்துகளில் நுழைக்கும் அந்தப் பகுதி நம் மென்பொருளில் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை நீங்கள் முதலில் சோதிக்கப் போவது அதைத்தான்.